முனைவர் பட்ட ஆய்வுத் திட்டமிடல்: தென்சென்னைப் புறநகர் ஆய்வு மையங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

முனைவர் பட்ட ஆய்வு பதிவு முதல் வாய்மொழித் தேர்வு வரை பல ஆண்டுகள் நீளும் பணியாகும். தாம்பரமும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகரும் தமிழாய்வுக்குரிய முதன்மைச் சான்றுகள் நிறைந்த பகுதி. அவ்வளத்தைப் பல்கலைக்கழக மானியக்குழு வகுத்த கால வரம்புக்குள் ஆய்வாளர் எவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆய்வேடு, கால வரம்பு, முதன்மைச் சான்று, நூலகம், பகுதிநேர ஆய்வாளர்.

முன்னுரை

உ.வே.சாமிநாதையர் 1880-இல் சீவக சிந்தாமணியைப் பயிலத் தொடங்கி, 1887-இல் அதனை அச்சிட்டு வெளியிட்டார். ஏடு தேடல், பாட ஒப்பீடு, உரைத் தெளிவு ஆகியவற்றுக்கு அவர் செலவிட்ட அந்த ஏழாண்டுக் காலம் இன்றைய ஆய்வாளருக்கு இயல்பாகக் கிடைப்பதில்லை. காலம் முன்கூட்டியே அளந்து தரப்பட்டிருப்பதால் திட்டமிடலும் ஆய்வு நெறியின் ஒரு கூறாகிறது.

கால வரம்பு

மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளும் சேர்க்கை நாளிலிருந்து மிகுதியாக ஆறு ஆண்டுகளும் உண்டு. மறுபதிவின்வழி மேலும் இரண்டு ஆண்டுகள் பெறலாம். பெண் ஆய்வாளர்களுக்கும் 40 விழுக்காட்டிற்கு மேற்பட்ட மாற்றுத்திறன் உடையோருக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் தளர்வு வழங்கப்படலாம். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்காகப் பெண் ஆய்வாளர்கள் 240 நாட்கள் வரை விடுப்புப் பெறவும் வழியுண்டு. இத்தளர்வுகளைப் பதிவின்போதே அறிந்திருப்பவர் இடைநின்றுபோகும் நிலையைத் தவிர்க்கலாம்.

சான்று இருக்குமிடம்

தலைப்பைத் தேர்ந்தபின் சான்று தேடுவது பலர் பின்பற்றும் முறை. சான்று எங்குள்ளது, அதனைக் காண எத்தனை நாட்கள் தேவை என்பவற்றை அறிந்தபின் தலைப்பின் எல்லையை வரையறுப்பதே பாதுகாப்பானது. இவ்வகையில் தென்சென்னை வாய்ப்பு மிக்க பகுதி. 1994-இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் உள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பில் உருவான அந்நூலகத்தில் பழைய அச்சு நூல்களையும் இதழ்களையும் காணலாம். 1970-இல் தொடங்கப்பெற்ற உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் தரமணியிலேயே இயங்குகிறது. 1943-இல் தோன்றிய உ.வே.சா. நூலகம் பெசன்ட் நகரில் ஓலைச்சுவடிகளைப் பேணி வருகிறது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் பெரும்பாக்கத்தில் உள்ளது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் அமைந்துள்ளது.

எடுத்துக்காட்டாக, 'பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளின் முகவுரைகள்' என்னும் தலைப்பைக் கொள்ளலாம். அந்நூற்றாண்டுப் பதிப்புகள் அனைத்தையும் ஆராய்தல் ஒருவருக்கு இயலாது. ஆய்வாளர் முதலில் நூலகப் பட்டியல்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் ஒப்பிட்டு, வீட்டிலிருந்தே படிக்கத்தக்கவை, நேரில் மட்டுமே காணத்தக்கவை என இரு பட்டியல்கள் அமைக்க வேண்டும். இரண்டாம் பட்டியலின் அளவே களப்பணி நாட்களை முடிவு செய்யும். அது மிகுமாயின் ஒரு பதிப்பாசிரியர் அல்லது ஓர் இலக்கிய வகை எனத் தலைப்பைச் சுருக்கலாம். முன்னாய்வுகளை 'சோத்கங்கா' தரவுத்தளத்தில் தேடினால் ஒரே தலைப்பு மீண்டும் ஆராயப்படுவதையும் தவிர்க்கலாம்.

எழுபத்திரண்டு மாதப் பகுப்பு

ஆறு ஆண்டுகளைப் பின்வருமாறு பகுப்பது பொருந்தும்.

1. முதல் 12 மாதங்கள்: பாடநெறி, முன்னாய்வு மதிப்பீடு, சான்றுப் பட்டியல், கருதுகோள்.
2. 13 முதல் 30 வரை: சான்று திரட்டலும் குறிப்பெடுத்தலும்.
3. 31 முதல் 48 வரை: இயல்களின் முதல் வரைவு.
4. 49 முதல் 60 வரை: திருத்தம், ஒப்புமைச் சோதனை, ஆய்வேட்டுச் சுருக்கம்.
5. எஞ்சிய 12 மாதங்கள்: நோய், பணிமாற்றம், நெறியாளர் மாற்றம் போன்றவற்றுக்கான இருப்பு.

இறுதி ஆண்டை இருப்பாக வைப்பது இப்பகுப்பின் உயிர்நிலை. ஆறு ஆண்டுகளையும் பணிக்கே ஒதுக்கியவர் ஒரு தடங்கல் நேர்ந்தாலும் வரம்பைக் கடந்துவிடுவார். ஆய்வு ஆலோசனைக் குழு பருவந்தோறும் முன்னேற்றத்தை மதிப்பிடுகிறது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் எழுதி முடித்த பகுதியொன்றை அளித்தால் ஆய்வேடு படிப்படியாக உருப்பெறும்.

பகுதிநேர ஆய்வாளர்

தாம்பரம், மேடவாக்கம், வேளச்சேரி வட்டாரக் கல்லூரிகளில் கற்பித்துக்கொண்டே ஆய்வு செய்வோருக்கு, நூலகம் திறந்திருக்கும் நேரமும் வகுப்பு நேரமும் ஒன்றாக அமைவதே பெருந்தடை. மே மாத விடுமுறையையும் பருவத்தேர்வுக்குப் பிந்தைய விடுமுறையையும் நூலகப் பணிக்கே ஒதுக்கி, கற்பிக்கும் மாதங்களில் குறிப்புகளை வகைப்படுத்தி எழுதுவது இதற்குத் தீர்வாகும். நூலகம் செல்லுமுன் வேண்டிய நூலின் பெயர், ஆண்டு, பட்டியல் எண் ஆகியவற்றைக் குறித்துச் செல்பவருக்கு ஒரு நாள் முழுமையாகப் பயன்படும். ஒவ்வொரு குறிப்பிலும் பக்க எண், பதிப்பு ஆண்டு, பார்த்த நூலகம், பார்த்த நாள் ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபடினும் அடிக்குறிப்பு அமைக்கும்போது மீண்டும் பயணம் நேரும்.

எழுத்தும் ஒப்படைப்பும்

முன்னுரையை இறுதியில் எழுதுதல் நன்று. இயல்கள் முடிந்தபின்னரே ஆய்வின் உண்மையான எல்லை புலப்படும். 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. 10-க்கு மேல் 40 வரை இருப்பின் திருத்திய ஆய்வேட்டை ஆறு மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். 60-ஐக் கடந்தால் பதிவே நீக்கப்படும். உரிய மேற்கோள் குறியும் மூலச்சுட்டும் பெற்ற பகுதிகள் கணக்கில் சேர்வதில்லை. செய்யுள் மேற்கோள் மிகுந்த தமிழ் ஆய்வேடுகளில் மேற்கோள் குறியை முறையாக இடுதல் இதனால் இன்றியமையாததாகிறது. ஒப்படைத்தபின் நெறியாளரும் குறைந்தது இரு புறத்தேர்வாளர்களும் ஆய்வேட்டை மதிப்பிடுவர். மதிப்பீட்டை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி.

முடிவுரை

ஆய்வேடு முற்றுப்பெறாமற் போவதற்கு அறிவுக்குறைவைக் காட்டிலும் காலக் கணக்கின்மையே பெரும்பாலும் காரணமாகிறது. சான்று இருக்குமிடம் அறிந்து தலைப்பைச் சுருக்குதல், பருவந்தோறும் எழுதுதல், ஓராண்டை இருப்பாக வைத்தல் ஆகிய மூன்றும் அக்குறையைக் களையும். அரிய நூல்களும் சுவடிகளும் ஒரு நாட்பயணத் தொலைவில் இருக்கும் தென்சென்னை ஆய்வாளருக்கு இவை எளிதில் கைகூடுவன.