கிட்டங்கி மாற்றும் முன் இருப்பு எடுப்போம்: கடை சர்வரைப் புதுப்பிக்கும் முறை

கிட்டங்கி மாற்றுகிற நாளில் எந்த வியாபாரியும் கண்ணை மூடிக்கொண்டு லாரியில் சரக்கு ஏற்றுவதில்லை. பழைய கிட்டங்கியில் இருப்பு எடுக்கிறோம், சிட்டை போடுகிறோம். புதிய இடத்தில் இறக்கியதும் சிட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ணிச் சரிபார்க்கிறோம். அதன் பிறகே பழைய கிட்டங்கியின் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறோம். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அதே நாம், கடைக் கணக்கு முழுவதும் அடங்கிய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும்போது மட்டும் "டெக்னீஷியன் தம்பி பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட்டதால் நாங்கள் ஒரு பெரிய நஷ்டத்தின் விளிம்பு வரை சென்று திரும்பினோம். அந்த அனுபவம் நமது வணிக அன்பர்களுக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

சொந்த மேகம் என்பது என்ன?

இரண்டு மூன்று கிளைகள் வைத்திருக்கும் மொத்த வியாபாரிகள் பலர் இப்போது ஒரு நல்ல சர்வரை வாங்கி அலுவலக அறையில் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரே இயந்திரத்துக்குள் கணக்கு எழுத ஒன்று, பில்லிங்குக்கு ஒன்று, கிட்டங்கி இருப்புக்கு ஒன்று என்று மூன்று நான்கு கம்ப்யூட்டர்கள் இருப்பது போல நடத்திக்கொள்ள முடியும். ஒரே கட்டடத்தைத் தடுப்புச் சுவர் வைத்துப் பல கடைகளாக்குவது போல என்று கொள்ளலாம். இந்த உள் கடைகளை 'மெய்நிகர் இயந்திரம்' என்கிறார்கள். கிளைகளில் உள்ளவர்கள் அவரவர் இடத்திலிருந்தே இதில் வேலை பார்க்கலாம். பெரிய கம்பெனிகளின் 'கிளவுட்' போன்ற வசதிதான். ஆனால் இடமும் இயந்திரமும் நமக்கே சொந்தம். ஆகவே இதைச் சொந்த மேகம் என்று சொல்லலாம்.

இந்தத் தடுப்புச் சுவர்களை நிர்வகிக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதில் ஒன்று பிராக்ஸ்மாக்ஸ் வி.இ. ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரத்துக் கம்பெனி ஒன்று வெளியிடும் திறந்த மூல மென்பொருள் இது. உரிமக் கட்டணம் இன்றியும் பயன்படுத்தலாம் என்பதால் சிறு, நடுத்தர வணிகர்களிடமும் பரவியிருக்கிறது. எங்கள் கடையிலும் இதுவே ஓடுகிறது.

நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும்?

இந்தக் கேள்வி எங்களுக்கும் எழுந்தது. ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தி இறக்க வேண்டும்? காரணம் உண்டு. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. அது முடிந்த பிறகு, மென்பொருளில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைத்துத் தரமாட்டார்கள். பிராக்ஸ்மாக்ஸின் 7ஆம் வரிசைக்கு ஆதரவு 2024 ஜூலையோடு முடிந்தது. 8ஆம் வரிசை 2023 ஜூனிலும், 9ஆம் வரிசை 2025 ஆகஸ்டிலும் வெளிவந்தன. 8ஆம் வரிசைக்கு 2026 ஆகஸ்ட் என்று கெடு குறித்தார்கள். கெடு முடிந்த பதிப்பை வைத்துக் கடை நடத்துவது, பூட்டு உடைந்த ஷட்டரை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போவது போன்றதாகும்.

இரண்டு வழிகள்

முதல் வழி, இருந்த இடத்திலேயே புதுப்பிப்பது. குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துக் கட்டுவது போன்றது. ஒவ்வொரு வரிசையாகத்தான் ஏற முடியும். 7லிருந்து நேராக 9க்குத் தாவக்கூடாது, 8ல் நின்றுதான் போக வேண்டும். இடையில் மின்சாரம் போனாலோ, ஏதேனும் ஒன்று ஒத்துப்போகாவிட்டாலோ பாதியில் நிற்கும்.

இரண்டாவது வழி, எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து, புதிய பதிப்பைச் சுத்தமாக நிறுவி, பேக்கப்பிலிருந்து திருப்பி வைப்பது. கிட்டங்கி மாற்றுவது என்றோமே, அது இதுதான். பழைய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் புதிய பதிப்பில் திருப்பி வைக்கலாம். புதியதில் எடுத்ததைப் பழையதில் வைக்க உத்தரவாதம் இல்லை. சர்வர் ஒன்றே ஒன்று என்றால், அதுவும் சில ஆண்டுகள் பழையது என்றால், இரண்டாவது வழியே நமக்குத் தெளிவானது என்பது எங்கள் கருத்து. ஆனால் இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. புதிய பதிப்பை நிறுவும்போது, நாம் தேர்ந்தெடுக்கும் டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும். அந்த நிமிடத்திலிருந்து நம் கணக்கு முழுவதும் பேக்கப்பை மட்டுமே நம்பி நிற்கிறது.

எங்களுக்கு நேர்ந்தது

2023 தீபாவளி முடிந்த வாரம் 7லிருந்து 8க்கு மாறத் தீர்மானித்தோம். பேக்கப் தினமும் இரவில் தானாகவே எடுக்கப்பட்டு வந்தது. டெக்னீஷியன் தம்பி சனிக்கிழமை இரவு கடை அடைத்ததும் வந்து உட்கார்ந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டறியாத எங்கள் பெரியண்ணாச்சியும் கணக்குப் பெட்டியடியில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அழிக்கிறதுக்கு முந்தி அந்தக் காப்பிய ஒரு தடவ தொறந்து காட்டுங்க" என்றார்.

"தினமும் ராத்திரி பேக்கப் ஆயிட்டிருக்கு அண்ணாச்சி. எல்லாத்துக்கும் பச்சை டிக் விழுந்திருக்கு."

"பச்சை டிக்கப் பாத்து மூட்டைக்குப் பணம் குடுக்க முடியுமா? தொறந்து காட்டுங்க."

தம்பி சற்றுச் சலிப்போடுதான் சம்மதித்தார். கிளையிலிருந்து ஒரு மாற்றுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, அதில் கணக்கு இயந்திரத்தைத் திருப்பி வைத்தார். கணக்கு மென்பொருள் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பேரேடு இல்லை, நாள்வழி இல்லை. சுற்றுவட்டாரக் கிராமத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் தர வேண்டிய பாக்கிக் கணக்கு ஒரு வரிகூட இல்லை.

காரணம் இதுதான். அந்த இயந்திரத்துக்கு இரண்டு டிஸ்க்குகள். முதலாவதில் மென்பொருள், இரண்டாவதில் கணக்கு. முதலில் நிறுவியவர், இடம் மிச்சமாகட்டும் என்று எண்ணியோ என்னவோ, இரண்டாவது டிஸ்க்கை 'பேக்கப் வேண்டாம்' என்று குறித்து வைத்திருந்தார். பேக்கப் அறிக்கையில் 'இந்த டிஸ்க் சேர்க்கப்படவில்லை' என்று ஒவ்வொரு இரவும் ஒரு வரி எழுதப்பட்டே வந்தது. கடைசி வரியில் 'வெற்றி' என்று இருந்ததால் யாரும் மேலே படிக்கவில்லை. சொன்ன வேலையைப் பேக்கப் சரியாகவே செய்தது; சொன்னதுதான் தவறு. அன்று அப்படியே டிஸ்க்கை அழித்திருந்தால், பாக்கிக்காரர்களிடம் போய் "நீங்கள் எவ்வளவு தரவேண்டும்?" என்று நாங்களே கேட்க வேண்டி வந்திருக்கும்.

இது நம் போன்ற கடைக்காரர்களுக்கு மட்டும் நேர்வதல்ல. கம்ப்யூட்டரே தொழிலாகக் கொண்ட கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று முக்கியத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடியபோது, தரவுத்தளத்தின் பதிப்பு ஒன்றாகவும் பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு வேறாகவும் இருந்ததால் பேக்கப் எடுக்கப்படவே இல்லை என்று தெரிந்தது. தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு காரியத்துக்காக ஏறத்தாழ 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல் இருந்ததால் தப்பினார்கள். நடந்ததை அவர்களே ஒளிக்காமல் வெளியிட்டார்கள்.

செய்ய வேண்டிய முறை

1. நாள் குறியுங்கள். ஜி.எஸ்.டி. படிவங்கள் தாக்கல் செய்யும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஒட்டிய நாட்கள் வேண்டாம். பண்டிகைக் கால வியாபாரமும் வேண்டாம். வார விடுமுறைக்கு முந்திய இரவு நல்லது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்னணு விலைப்பட்டியல் கட்டாயம் என்பதால், பதிவு பெற்ற வியாபாரிகளுக்கு வெறுமனே கையால் பில் எழுதிச் சமாளிக்க முடியாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

2. நேரத்தைக் கணக்கிடுங்கள். 500 ஜிகாபைட் தரவை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் திருப்பி வைக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். பழைய வகை யு.எஸ்.பி. டிஸ்க்கில் வேகம் நொடிக்கு 30 மெகாபைட்தான் என்றால் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடுக்கவும் வைக்கவும் என்று இருமுறை இந்த நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. ஒத்திகை பாருங்கள். குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திருப்பி வைத்துத் திறந்து பாருங்கள். அப்போது நெட்வொர்க் இணைப்பைக் கட்டாயம் துண்டித்திருக்க வேண்டும். இல்லையேல் ஒரே முகவரியில் இரண்டு இயந்திரங்கள் நின்று, நடக்கிற வியாபாரத்தைக் குழப்பிவிடும்.

4. சிட்டை போடுங்கள். மாற்றும் அன்று கடைசி பில் எண், ரொக்க இருப்பு, மொத்தப் பாக்கி, பத்து முக்கியச் சரக்குகளின் இருப்பு ஆகியவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். ஐந்தொகையை அச்சிட்டு வையுங்கள்.

5. கடைசி பேக்கப்பை இயந்திரங்களை நிறுத்திய பிறகு எடுங்கள். ஓடும்போதே எடுக்கும் வசதி உண்டு. தினசரிக்கு அது போதும். ஆனால் மாற்றத்துக்கான பேக்கப்பில் பாதி எழுதிய கணக்கு எதுவும் இருக்கக்கூடாது. எடுத்த பின் பழைய இயந்திரத்தில் யாரும் ஒரு பில்கூடப் போடக்கூடாது.

6. அறிக்கையை முதல் வரியிலிருந்து படியுங்கள். எத்தனை டிஸ்க், என்ன அளவு என்று பாருங்கள்.

7. முடிந்தால் பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள். புதிய டிஸ்க் வாங்கிப் பொருத்தி அதில் நிறுவுங்கள். பழையதைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். இடையில் ஏதும் கெட்டுவிட்டால், பழையதை மாட்டி மறுநாள் காலை கடை திறந்துவிடலாம். ஒரு டிஸ்க்கின் விலை இந்த நிம்மதிக்கு அதிகமல்ல.

8. திருப்பி வைத்ததும் சிட்டையோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒத்தால் கிளைகளுக்குத் திறந்துவிடுங்கள். மாற்றத்துக்குப் பிந்திய முதல் பேக்கப்பும் சரியாக விழுகிறதா என்று மறுநாளே பாருங்கள்.

பேக்கப்பில் வராதவை

மெய்நிகர் இயந்திரங்களை பேக்கப் எடுத்தால் உள்ளே இருக்கும் கடைகள் வரும். கட்டடத்தின் வரைபடம் வராது. நெட்வொர்க் அமைப்பு, சேமிப்பு இடங்களின் விவரம், பயனாளர் பெயர்கள், தடுப்பு விதிகள், எந்த நேரத்தில் பேக்கப் எடுப்பது என்ற அட்டவணை ஆகியவை சர்வரின் சொந்த அமைப்புக் கோப்புகளில் இருப்பவை. அவற்றைத் தனியாக நகல் எடுக்க வேண்டும். புதிய பதிப்பில் அவற்றை அப்படியே கொட்டிவிடாமல், பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்வதே நல்லது. கடவுச்சொற்களும் டெக்னீஷியன் நினைவில் மட்டும் இருத்தல் ஆகாது. சில கணக்கு மென்பொருள்களின் உரிமம் இயந்திரத்தோடு கட்டுண்டிருக்கும்; மாற்றும் முன் விற்பனையாளரிடம் கேட்டு, ஒப்படைத்து மறுபடி பெறும் முறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பேக்கப் டிஸ்க்கைச் சர்வருக்குப் பக்கத்திலேயே வைப்பதும் தவறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளக் கடைகளில் தண்ணீர் புகுந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ஒரு நகல் கடையில், ஒரு நகல் வீட்டில் அல்லது கிளையில் என்று இருக்கட்டும்.

சட்டமும் இதையே சொல்கிறது

ஜி.எஸ்.டி. விதிகளில் 57ஆம் விதி, மின்னணு முறையில் கணக்கு வைப்போர் முறையான பேக்கப் வைத்திருக்க வேண்டும், விபத்தாலோ இயற்கைக் காரணங்களாலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்கிறது. கவனியுங்கள், பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது. மீட்க முடிய வேண்டும். சட்டத்தின் 36ஆம் பிரிவோ, ஆண்டுப் படிவத்தின் கெடுத் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்கச் சொல்கிறது. அந்த 72 மாதங்களில் சர்வர் ஒரு முறையாவது மாறாமல் இருக்காது.

எங்கள் கடையில் அந்தச் சனிக்கிழமை மாற்றம் நடக்கவில்லை. குறியைத் திருத்தி, புதிதாகப் பேக்கப் எடுத்து, ஒத்திகை பார்த்து, இரண்டு வாரம் கழித்தே மாற்றினோம். ஞாயிறு மதியம் சிட்டையோடு கணக்கு பைசா பிசகாமல் ஒத்தது. அன்று முதல் எங்கள் கடையில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம்பி ஒரு பேக்கப்பைத் திருப்பி வைத்துத் திறக்கிறார். பெரியண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, தாம் நினைத்த ஒரு பாக்கிக்காரரின் பெயரைச் சொல்லி, "அவர் கணக்கக் காட்டுங்க" என்கிறார்.

எடை பார்க்காத மூட்டையும் திறந்து பார்க்காத பேக்கப்பும் ஒன்றே. இந்த இதழைப் படித்து முடித்ததும், உங்கள் கடையில் பேக்கப்பைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் இந்த வார விடுமுறையிலேயே பார்த்துவிடுங்கள்.