இனமா, உணவா? நெகிரி செம்பிலான் தந்த பாடம்

புழுங்கலரிசிச் சோறு நமக்குப் புதிதன்று. லிங்கி வட்டாரத் தோட்ட மக்களின் பாட்டன்மாரும் பாட்டிமாரும் அறிந்த அந்த அரிசி, நூறாண்டுகளுக்கு முன்னர் நம் நெகிரி செம்பிலான் மாநிலத்திலேயே மருத்துவ உலகுக்கு ஒரு பெரும் பாடம் புகட்டியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பலரைக் கொன்றது. கால்கள் மரத்துப் போகும்; உடல் வீங்கும்; இதயம் தளரும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களே பெரிதும் மடிந்தனர். தமிழர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. “அந்த இனத்தாரின் உடல்வாகு அத்தகையது” என்று கூறியிருந்தால் ஆராய்ச்சி அங்கேயே முடிந்திருக்கும்.

இம்மாநிலத்தில் பணியாற்றிய டாக்டர் பிராடன் அவ்வாறு விட்டுவிடவில்லை. நோயுற்ற சீனர்கள் உண்டது தீட்டிய வெள்ளையரிசி; தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி என்பதை 1907-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

ஆயினும் சீனருக்கும் தமிழருக்கும் உணவு மட்டுமா வேறு? வேலையும் குடியிருப்பும் வேறல்லவா? இந்த ஐயத்தைத் தீர்க்க முற்பட்டவர்கள் டாக்டர் பிரேசரும் டாக்டர் ஸ்டாண்டனும் ஆவர். ஜெலுபு காட்டுப் பகுதியில் சாலை அமைத்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களை அவர்கள் இரு பிரிவாக்கினர். இனம் ஒன்று; வேலை ஒன்று; அரிசி மட்டுமே வேறு. வெள்ளையரிசி உண்டவர்களிடம் பெரிபெரி தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்தே உயிர் காக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. இன்று அதனை வைட்டமின் பி1 என்கிறோம். அந்த உண்மைக்கு நோயுற்று விலை கொடுத்தவர்கள் எளிய தொழிலாளர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

இனங்களுக்கிடையே உள்ள சுகாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் முயற்சிகள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன. அவற்றைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி எடைபோடும் அறிஞர்கள், சில கேள்விகளை எழுப்புகின்றனர். ஒப்பிடப்பட்டவர்கள் பிற வகைகளில் ஒத்தவர்களா? இனத்தின் பெயரைக் கூறியதோடு நின்றுவிடாமல் உணவு, வருமானம், வீடு, மருத்துவ வசதி ஆகியவையும் ஆராயப்பட்டனவா? எல்லாவற்றுக்கும் மேலாக, இடைவெளி குறைந்ததா? ஒரு திட்டத்தால் அனைவரும் ஓரளவு நலம் பெறலாம். ஆனால் வசதி படைத்தோர் மிகுதியாகப் பயனடைந்தால், சராசரி உயர்ந்தும் இடைவெளி விரிந்துவிடும்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நீரிழிவு நோய் இந்தியர்களிடையே மிகுதியாக இருந்தது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. அதற்காக இதனைத் தலைவிதி என்று ஏற்றுக்கொள்ளலாமா? உண்பதையும், உழைக்கும் முறையையும், காலத்தில் கிடைக்கும் சிகிச்சையையும் மாற்ற முடியுமல்லவா?

எனவே, சுகாதார ஆய்வாளர்கள் வீடு தேடி வரும்போது தயங்காமல் உண்மை விவரங்களைக் கூறுங்கள். இன்ன இனம் என்பதோடு நில்லாமல், என்ன உண்கிறோம், எவ்வளவு தொலைவு சென்று மருத்துவரைக் காண்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். அரிசியைப் பற்றிக் கேட்டதனால்தான் அன்று பெரிபெரியின் காரணம் வெளிப்பட்டது.