டன்லப் ஸ்டாப்பில் இருதலைக் கழுகு! தெரியுமா?

அம்பத்தூர் பஸ்ஸில் ஏறி "டன்லப் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கியிருக்கிறீர்களா? உங்கள் வாயில் வந்தது டயர் கம்பெனியின் பெயர் மட்டுமல்ல. 760 ஆண்டுகளுக்கு மேல் பழமையான ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயரும்கூட!

ஆளுக்கு முன்னால் ஊர்!

டன்லப் என்பது முதலில் ஒரு ஊர். ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் இன்றும் இருக்கிறது. கேலிக் மொழியில் 'டூன்' என்றால் கோட்டை. 'வளைவில் உள்ள கோட்டை' என்று பொருள் சொல்கிறார்கள். 'சேற்று மேடு' என்பாரும் உண்டு. 1260ஆம் ஆண்டு ஆவணத்திலேயே 'வில்லியம் டி டன்லப்' வந்துவிட்டார். அதாவது, டன்லப்காரர் வில்லியம்! நம்மூரில் ஊர்ப் பெயரை இனிஷியலாக வைப்பதில்லையா, அதே கதைதான்.

கேடயத்தில் யார்?

வெள்ளிக் கேடயம், அதில் சிவப்பு நிறத்தில் இரட்டைத்தலைக் கழுகு! இதுதான் டன்லப் குலத் தலைவரின் சின்னமாக இருந்தது. மேலே முடிச்சின்னமாகக் குத்துவாள் ஏந்திய வலது கை. கூடவே 'மெரிட்டோ' என்ற லத்தீன் சொல்; 'தகுதியால்' என்று அர்த்தம். இரண்டு தலைப் பறவை நமக்குப் புதுசா என்ன? சங்கப் பாடலில் இருதலைப்புள் உண்டு. மைசூர் அரசரின் சின்னமே கண்டபேரண்டப் பறவைதான்!

பெயர் இருந்தால் போதுமா?

போதாது! ஸ்காட்லாந்தில் சின்னம் குடும்பத்துக்குப் பொதுச் சொத்து அல்ல, ஒரே ஆளுக்குச் சொந்தம். 'லார்ட் லயன்' என்ற அதிகாரியின் நீதிமன்றம் இன்றைக்கும் இதற்கென்றே இயங்குகிறது. 1672இல் சட்டம் போட்டுப் பதிவேடு திறந்தார்கள். அடுத்தவர் சின்னத்தைக் கேடயத்தில் போட்டுக்கொண்டால் வழக்கு! குலத்தைச் சேர்ந்த மற்றவர்கள் தலைவரின் முடிச்சின்னத்தை பெல்ட் போட்ட வட்டத்துக்குள் வைத்துத்தான் அணியலாம். "நான் தலைவன் இல்லை, அவர் ஆள்" என்பதற்கு அந்த பெல்ட்டே சாட்சி!

டயர் போட்டது மாட்டு டாக்டர்!

ஜான் பாய்ட் டன்லப் 1840இல் அதே அயர்ஷயரில் பிறந்தவர். பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவர். மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட, ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் நிலைக்கவில்லை! தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் சுமார் 40 ஆண்டு முன்பே காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். பெயர் உலகம் சுற்றியது. டன்லப் பெரும் பணக்காரர் ஆகவில்லை.

அம்பத்தூருக்கு எப்படி?

டன்லப் கம்பெனி 1936இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் டயர் ஆலை திறந்தது. 1959இல் அம்பத்தூரில் இன்னொன்று. ஆலையின் பெயர் பஸ் ஸ்டாப்புக்கு ஒட்டிக்கொண்டது, ஸ்டாப்பின் பெயர் ஏரியாவுக்கு ஒட்டிக்கொண்டது.

ஊராகப் பிறந்து, ஆளாகி, டயராகி, அம்பத்தூரில் மறுபடி ஊராகிவிட்டது இந்தப் பெயர்! அங்கே குடியிருப்பவரிடம் "எந்த ஏரியா?" என்று கேட்டுப் பாருங்கள். "டன்லப்" என்பார். 1260இல் வில்லியமைக் கேட்டிருந்தாலும் இதே பதில்தான்!