அணிநடையும் தலைமையும்

மகேஸ்வரி உத்யான் என்று பெயர் மாறிய பின்னும் நாம் கிங்ஸ் சர்க்கிள் என்றே வழங்கும் அவ்விடத்தில், விடியற்காலையில் காக்கி உடையுடன் பேருந்துக்கு நிற்கும் மாணவர்களைக் கண்டிருப்பீர்கள். தேசிய மாணவர் படையினர். நானும் இரண்டாண்டுகள் அவ்வாறு நின்றவன். "காலைத் தரையில் அடிப்பதற்கும் தலைமைக்கும் என்ன தொடர்பு?" என்று நம் மன்றத்துத் தம்பி ஒருவர் அண்மையில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நம் மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. அதன் முன்னோடியான பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆங்கிலேயர் ஏற்படுத்தியது. ஆனால் நம் வரலாற்றையே வேராகக் கொண்ட பயிற்சி ஒன்றும் நடந்ததுண்டு. 1943 அக்டோபர் 22-ஆம் நாள் நேதாஜி சிங்கப்பூரில் தொடங்கிவைத்த ஜான்சி ராணிப் படை முகாமையே சொல்கிறேன். 1858-இல் களத்தில் மாண்ட அரசியின் பெயரை அதற்கு இட்டது வெறும் அலங்காரமன்று. துப்பாக்கியைத் தொட்டறியாத பெண்ணுக்கு, தனக்கு முன்னே ஒருத்தி வாளேந்தினாள் என்பதே முதற்பாடம் அன்றோ?

படைத்தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் படித்த மருத்துவர். சேர்ந்தவருள் மிகப் பலர் மலேயாத் தமிழ்ப் பெண்கள். ரப்பர் மரம் சீவியவர்களும் வசதியான வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாசறையில் உறங்கினர். அணிநடை, துப்பாக்கி சுடுதல், நெடுநடை எல்லாம் உண்டு. சிலருக்குச் செவிலிப் பயிற்சியும் தந்தனர். கட்டளைகள் இந்துஸ்தானியில். (நமக்கும் இன்று 'சாவ்தான்', 'விஷ்ராம்' தாமே! முதல் வாரம் நான் பக்கத்து மாணவனைப் பார்த்தே திரும்பினேன்.)

அணிநடையில் முதலில் கட்டளைக்குப் பணிகிறோம். சில மாதங்களில் பத்துப் பேரை நம்மிடமே ஒப்படைக்கிறார்கள். அப்போதுதான் தெரிகிறது, நாம் தயங்கிச் சொல்லும் ஒரு சொல்லால் பத்துப் பேரும் தடுமாறுவார்கள் என்று. இதை நூலில் படித்து அறிய முடியாது. ஆனால் எதற்காக இப்பயிற்சி என்பதை எங்கள் முகாமில் எவரும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றும் குறைதான்.

கோலாலம்பூரில் பிறந்த ஜானகி தேவர் பதினெட்டு வயதளவில் இப்படையில் சேர்ந்தார். 1945 ஏப்ரல் இறுதியில் ரங்கூனைக் கைவிட நேர்ந்தபோது, அங்கிருந்த பெண்களை நடத்திச் செல்லும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. வயது இருபது. பகலில் விமானங்களுக்கு அஞ்சி மறைந்திருந்து, இரவில் சேற்றில் நடந்தனர். நேதாஜியும் அவர்களை விட்டுப் போக மறுத்து உடன் நடந்தார். பல நாள் துன்பத்துக்குப்பின் பாங்காக் சேர்ந்தனர்.

தம்பி, நீங்கள் கேட்ட தொடர்பு அந்தப் பாதையில் இருக்கிறது.