மின் கோளாறு அறியும் முறை

நல்ல மருத்துவர் நோயாளியைக் கண்டவுடன் மருந்து கொடுப்பதில்லை. நாடியை ஆராய்ந்து, நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்தளிப்பார். பழைய மோட்டார் வண்டியின் மின் கோளாற்றைப் போக்குவதற்கும் இம்முறையே ஏற்றதாகும்.

மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டு வரை அம்பாசிடர் கார்கள் செய்யப்பெற்றன. அவற்றுள் பழையதொரு கார் ஒருநாள் காலையில் கிளம்ப மறுக்கிறது எனக் கொள்க. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சோர்ந்து சுழன்று நின்றுவிடுகிறது. முகப்பு விளக்கோ ஒளியுடன் எரிகிறது. "கம்பிகளில் குறையில்லை, பாட்டரியை மாற்றுக" என்பார் அவசரக்காரர். அறிவுடையவரோ அளந்து பார்ப்பார்.

பாட்டரியில் ஆறு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட்டு தரும். ஆகவே, மின்னேற்றம் நிறைந்த பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டு காட்டும். ஆனால், ஓய்விலிருப்பவனின் வலிமையைச் சுமை ஏற்றினாலன்றி அறிய இயலாது. எனவே, ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கிக்கொண்டே அளத்தல் வேண்டும். அப்பொழுதும் பாட்டரி 11 வோல்ட்டு காட்டுமாயின் அது நல்ல நிலையிலேயே உள்ளது. அங்ஙனமாயின் குறை எங்கே?

பாட்டரியின் ஒரு முனை வண்டியின் இரும்புடலோடு தடித்த கம்பியால் பிணைக்கப்பட்டுள்ளது. மின்னோட்டம் அவ்வுடல் வழியாகவே சுற்றை நிறைவு செய்கிறது. அந்த முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே வோல்ட்டுமானியை வைத்து மீண்டும் ஸ்டார்ட்டரை இயக்குக. இணைப்பு செம்மையாக இருப்பின் அரை வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டும். இங்கோ 3 வோல்ட்டு காட்டுகிறது! பிணைப்பில் படிந்த துருவே குற்றவாளி.

ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இதனை விளக்கும். மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும். துருவின் தடை 0.02 ஓம் என்க. 5 ஆம்பியர் பெறும் விளக்குக்கு அதனால் நேரும் இழப்பு 0.1 வோல்ட்டே. ஸ்டார்ட்டரோ 150 ஆம்பியர் வேண்டுவது. அதற்கு நேரும் இழப்பு 3 வோல்ட்டு. விளக்கு எரிந்தும் எஞ்சின் சோர்ந்ததன் மருமம் இதுவே.

உடலோடு பிணைந்த கம்பியைப் பாட்டரியிலிருந்து கழற்றிவிட்டு, துருவை உப்புத்தாளால் தேய்த்து அகற்றி, மீண்டும் இறுகப் பிணைத்தால் போதும். புதிய பாட்டரி வேண்டுவதில்லை.

காரணம் அறியாத அவசரம் பொருளை மட்டுமன்றி உயிரையும் கவரக்கூடும். உருகிக் கம்பி அடிக்கடி அறுந்தால், சிலர் அவ்விடத்தில் தடித்த செப்புக் கம்பியைச் செருகிவிடுவர். எங்கோ உறை தேய்ந்த கம்பி ஒன்று இரும்புடலைத் தொடுவதே அதன் காரணமாயிருக்கலாம். உருகி அறுவது குற்றமன்று, அஃது எச்சரிக்கை. அதனைத் தடுத்துவிட்டால், மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து கம்பிகள் சூடேறி வண்டியே தீப்பற்றும்.

ஊகம் செலவை வளர்க்கும். அளவு உண்மையைக் காட்டும். அளந்தறிந்து செயலாற்றுதலே அறிவியல் நெறியாகும்.