தறியிலிருந்து பியானோ வரை: ஹமாமட்சு நகரின் தொழில் வரலாறு

நம் தெருக்களில் ஓடும் மாருதி சுஸுகி கார், ஹோண்டா ஸ்கூட்டர், யமஹா மோட்டார் சைக்கிள், இசைப் பள்ளிகளில் பிள்ளைகள் பழகும் யமஹா கீபோர்டு ஆகிய அனைத்துக்கும் வேர் ஒரே ஊரில் இருக்கிறது. டோக்கியோவும் அன்று, ஒசாகாவும் அன்று. அவ்விரண்டுக்கும் ஏறக்குறைய நடுவழியில், பசிபிக் கடலோரமாக அமைந்த ஹமாமட்சு என்னும் நகரம் அது. மக்கள்தொகை சுமார் 8 லட்சம். ஜப்பானிய அளவுகோலில் நடுத்தர நகரம். இத்தகைய ஓர் ஊரில் இத்தனை நிறுவனங்கள் எவ்வாறு தோன்றின என்பதை ஆராய்வது, தொழில் நடத்துவோருக்கும் தொழிலுக்குக் கடன் வழங்கும் நம்மைப் போன்றோருக்கும் பயன் தரும்.

ஆறும் ஏரியும் காற்றும்

ஷிசுவோகா மாநிலத்தின் மேற்கு எல்லையில் ஹமாமட்சு உள்ளது. கிழக்கே டென்ரியூ ஆறு, மேற்கே ஹமானா ஏரி, தெற்கே கடல், வடக்கே மலைக்காடுகள். 2005-ஆம் ஆண்டு சுற்றியிருந்த ஊர்கள் பல இணைக்கப்பட்டதால், நகரின் பரப்பு 1,500 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. கடற்கரை மணல் மேடும் ஆளரவமற்ற மலைச் சரிவும் இன்று ஒரே நகராட்சிக்குள் அடங்கும்.

ஹமானா முன்பு நன்னீர் ஏரி. 1498-இல் நேர்ந்த பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் கடலுக்கும் ஏரிக்கும் இடையிலிருந்த மணல் திட்டை உடைத்தன. கடல்நீர் உட்புகுந்தது, ஏரி உவர்நீர் ஏரியாயிற்று. பிற்காலத்தில் இப்பகுதி விலாங்கு மீன் வளர்ப்புக்குப் பெயர் பெற்றது.

டென்ரியூ ஆறு அடிக்கடி கரை உடைத்து ஊர்களை அழித்த ஆறு. 19-ஆம் நூற்றாண்டில் கிம்பரா மெய்சென் என்பவர் தம் செல்வத்தை அதன் கரைகளைப் பலப்படுத்தச் செலவிட்டார். பின்னர், வெள்ளத்தைத் தடுக்கும் வழி மலையில்தான் உள்ளது என உணர்ந்து, மேற்புறச் சரிவுகளில் மரங்களை நட்டார். அந்தக் காடு வெள்ளத் தடுப்போடு நில்லாமல் மர வணிகத்துக்கும் ஆதாரமாயிற்று. மரம் வந்த ஊரில் தச்சர்கள் பெருகினர். சமவெளியில் பருத்தி விளைந்ததால் நெசவும் செழித்தது. மரவேலை, நெசவு என்னும் இவ்விரு கைத்திறன்களே பின்னாளில் தோன்றிய தொழில்களுக்கு வித்தாயின.

கோட்டை நகரம்

பிற்காலத்தில் ஜப்பான் முழுவதையும் ஆண்ட டொகுகாவா இயெயாசு, 1570-இல் இங்குக் கோட்டை அமைத்துப் 17 ஆண்டுகள் தங்கினார். வடக்கேயுள்ள மிகாட்டாகஹாரா மேட்டுநிலத்தில் டகெடா ஷிங்கெனிடம் அவர் அடைந்த தோல்வி, அவர் வாழ்விலேயே மிகக் கடுமையானதாகக் கருதப்படுகிறது. அவருக்குப் பின் இக்கோட்டையை ஆண்டவர்கள் பலர் அரசின் உயர்பதவிகளை எய்தியமையால், மக்கள் இதனைப் 'பதவி உயர்வுக் கோட்டை' என்றே அழைக்கலாயினர். எதோ நகரையும் கியோட்டோவையும் இணைத்த டொகாய்டோ பெருவழியின் 53 தங்கல் நிலையங்களுள் ஹமாமட்சு 29-ஆவது. வழிப்போக்கரும் சரக்கும் ஓயாது வந்து சென்ற ஊர், புதுமைக்குக் கதவடைக்காத ஊராக வளர்ந்தது.

பழுதுபார்த்தவர் தொடங்கிய தொழில்

1887-இல் இங்குள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆர்கன் பழுதாயிற்று. மருத்துவக் கருவிகளைச் செப்பனிட்டு வந்த யமஹா டொராகுசு என்பவரை அழைத்தனர். கருவியைத் திறந்து பார்த்த அவர், இதனை நாமே செய்யலாம் என்று முடிவு செய்தார். தாம் செய்த முதல் ஆர்கனைக் காவடித்தண்டில் கட்டித் தோளில் சுமந்து, ஹக்கோனே மலையைக் கடந்து, டோக்கியோ இசைக் கல்வி நிலையத்துக்குக் கொண்டு சென்றார். சுருதி சரியில்லை என்ற தீர்ப்பு கிடைத்தது. அங்கேயே தங்கி இசையின் அடிப்படைகளைக் கற்றுத் திரும்பி, மறுபடியும் செய்து வென்றார். 1897-இல் அவர் நிறுவிய நிறுவனமே இன்றைய யமஹா. அங்குப் பணியாற்றிய கவாய் கொய்ச்சி 1927-இல் தனியே தொடங்கியது கவாய் பியானோ நிறுவனம்.

சுஸுகி மிச்சியோ என்ற தச்சர் 1909-இல் தறி செய்யும் பட்டறை தொடங்கினார். போருக்குப் பின் துணித்தொழில் தளர்ந்து, நிறுவனம் நெருக்கடிக்கு உள்ளானபோது, 1952-இல் இயந்திரம் பொருத்திய மிதிவண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டுகளில் சிறிய கார் ஒன்றும் வெளிவந்தது.

கொல்லரின் மகனான ஹோண்டா சொய்ச்சிரோ 1906-இல் இப்பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவர் செய்த பிஸ்டன் வளையங்கள் தரத்தில் தேறாதபோது, உள்ளூர்த் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவரோடு மாணவராக அமர்ந்து உலோகவியல் கற்றார். போர் முடிந்தபின், படையினர் விட்டுச்சென்ற சிறு இயந்திரங்களை மிதிவண்டிகளில் பொருத்தி விற்றார். 1948-இல் ஹோண்டா நிறுவனம் பிறந்தது.

அதே கல்லூரியில்தான் 1926 டிசம்பர் 25-ஆம் நாள், டகயனாகி கென்ஜிரோ ஒரு ஜப்பானிய எழுத்தைத் தொலைக்காட்சித் திரையில் தோன்றச் செய்தார். அவருடைய மாணவர் வழியில் 1953-இல் உருவான ஹமாமட்சு ஃபோட்டானிக்ஸ், நுண்ணிய ஒளியையும் உணரும் குழாய்களைச் செய்வதில் உலகப்புகழ் பெற்றது. நியூட்ரினோ ஆய்வுக்காகக் கொஷிபா மசதொஷி 2002-இல் நோபல் பரிசு பெறுவதற்கு இக்குழாய்கள் உதவின.

பொருள் மாறியது, திறன் தொடர்ந்தது

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். தறி செய்த கை மோட்டார் சைக்கிள் செய்தது. பியானோவுக்கு மரம் இழைத்த ஆலை போர்க்காலத்தில் விமானச் சுழலி செய்தது; அந்த எந்திரங்களைக் கொண்டே பின்னர் மோட்டார் சைக்கிளில் இறங்கி, 1955-இல் யமஹா மோட்டார் தனி நிறுவனமாயிற்று. 'செய்துதான் பார்ப்போமே' என்று பொருள்படும் 'யரமைக்கா' என்ற வட்டாரச் சொல்லை இவ்வூரார் தம் அடையாளமாகவே சொல்வர்.

ஆயினும் துணிவு மட்டுமே போதுமானதாக இருக்கவில்லை. 1950-களில் இங்கு முப்பதுக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்கள் இருந்தனர், நிலைத்தவர் மூவரே. எனினும் வீழ்ந்த பட்டறைகளின் தொழிலாளரும் கடைசல் எந்திரங்களும் வீணாகவில்லை. நிலைத்தவர்களுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறுதொழில்களில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

இத்தகைய சிறுதொழில்களுக்குக் கைகொடுப்பவை ஷின்கின் எனப்படும் கூட்டுறவு வங்கிகள். 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இவை, தம் வட்டாரத்துச் சிறு நிறுவனங்களை உறுப்பினராகச் சேர்க்கும். 300-க்கு மேற்பட்ட ஊழியரும் 90 கோடி யென்னுக்கு மேற்பட்ட மூலதனமும் உடைய நிறுவனம் உறுப்பினராக இயலாது. வட்டாரத்தில் திரண்ட சேமிப்பு வட்டாரத்துப் பட்டறைகளுக்கே பயன்பட வேண்டும் என்பது இவற்றின் நோக்கம்.

இந்தியத் தொடர்பு

1978-இல் சுஸுகியின் தலைவரான ஒசாமு சுஸுகி, வங்கி ஊழியராக வாழ்க்கையைத் தொடங்கியவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. 1982-இல் இந்திய அரசின் மாருதி நிறுவனத்தோடு அவர் உடன்படிக்கை செய்து, 26 விழுக்காடு பங்கை ஏற்றார். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று சுஸுகி உலகெங்கும் விற்கும் கார்களில் பாதிக்கு மேல் இந்தியாவில் விற்பனையாகின்றன. சென்னையை அடுத்த வல்லம் வடகாலில் யமஹா மோட்டார் சைக்கிள் ஆலையும், யமஹா இசைக்கருவி ஆலையும் இயங்குகின்றன.

இன்றைய சோதனைகள்

ஆலைகள் வெளிநாடுகளுக்கும் ஜப்பானின் பிற பகுதிகளுக்கும் பெயர்வது ஹமாமட்சுவின் கவலை. ஹோண்டா தன் மோட்டார் சைக்கிள் உற்பத்தியை 2008-இல் குமமோட்டோவுக்கு மாற்றியது. மக்கள்தொகையும் குறைந்து வருகிறது.

1990-இல் குடிவரவுச் சட்டம் தளர்ந்தபின், பிரேசிலில் குடியேறிய ஜப்பானியரின் வழித்தோன்றல்கள் ஆலைப் பணிக்கு இங்கு வந்தனர். ஜப்பானிய நகரங்களுள் பிரேசிலியர் மிகுதியாக வாழ்வது இங்கேதான். 2008-இன் உலகப் பொருளாதார நெருக்கடியில் முதலில் வேலையிழந்தவர் அவர்களே. தாயகம் திரும்ப விரும்பியோருக்கு ஜப்பானிய அரசு தலா 3 லட்சம் யென் வழங்கியது. எஞ்சியோரின் பிள்ளைகளுக்குக் கல்வியும் மொழியும் கிடைக்கச் செய்வதில் நகராட்சி அக்கறை காட்டி வருகிறது.

மறுபுறம், புதிய வலிமைகளும் சேர்கின்றன. 2014-இல் யுனெஸ்கோ இதனை இசைக்கான படைப்பாக்க நகரமாக ஏற்றது. ஆழிப்பேரலையைத் தடுக்கக் கடற்கரையில் 17.5 கிலோமீட்டர் நீளத்துக்கு அரண் எழுப்பப்பட்டது; அதற்கு இவ்வூரில் பிறந்த வீடுகட்டும் நிறுவனம் ஒன்று 3,000 கோடி யென் நன்கொடை அளித்தது. ஊரால் வளர்ந்த நிறுவனம் ஊருக்குத் திருப்பித் தந்த கொடை அது.

ஒரு தொழிலை மதிப்பிடும்போது நிலம், கட்டடம், எந்திரம் ஆகியவற்றை நாம் பிணையாகக் கணக்கிடுகிறோம். விற்பனையாகும் பொருளையும் பார்க்கிறோம். பொருளின் காலம் முடிந்தபின் அந்தப் பட்டறையின் கைகள் வேறென்ன செய்யவல்லவை என்ற கேள்வியையும் அவற்றோடு சேர்த்துக் கேட்பது நலம். 1952-இல் சுஸுகியின் தறிகளை மட்டும் பார்த்தவருக்கு நலிந்த தொழிலொன்றே தெரிந்திருக்கும். அத்தறிகளைச் செய்த கைகளைப் பார்த்தவருக்கு அடுத்த தொழிலும் தெரிந்திருக்கும்.