இத்தாலிய பாஷையும் இராச் சாப்பாடும்

காலையில் பள்ளியில் இலக்கணம் படித்துவிட்டு, மற்றப் பொழுதெல்லாம் ஓர் இத்தாலியக் குடும்பத்தாரோடு உண்டு, உறங்கி, அவர்கள் பேச்சைக் கேட்டு அவர்கள் பாஷையைக் கற்றுக்கொள்ளும் ஏற்பாடு அந்நாட்டின் பல நகரங்களிலும் உண்டு. அவற்றுள், 1917-ஆம் ஆண்டு முதல் அந்நிய தேசத்தாருக்கு இத்தாலியம் போதித்து வரும் சியேனா நகரத்தைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன். வீட்டுச் சம்பாஷணைக்கு அவ்வூரைப்போல் விஷயம் தரும் ஊர் அரிது. 17 பேட்டைகளாகப் பிரிந்து வாழும் அந்நகரத்தார், ஜூலை 2-ஆம் தேதியும் ஆகஸ்ட் 16-ஆம் தேதியும் நடைபெறும் குதிரைப் பந்தயத்தைப் பற்றி வருஷம் முழுவதும் பேசினாலும் அலுக்காதவர்கள். ஒரு பந்தயத்தில் 10 பேட்டைகளுக்கே இடமுண்டு என்பதனால், விட்டுப்போன பேட்டையின் வருத்தமும், பகைப் பேட்டை தோற்றதில் அடைந்த பரம சந்தோஷமும் சாப்பாட்டு மேஜையில் தினந்தோறும் அலசப்படும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் அந்நியனுக்கு இறந்தகால வினைச்சொற்கள் தாமாகவே நாவில் படிந்துவிடுகின்றன.

இரவு எட்டு மணி சுமாருக்கு வீட்டுத் தலைவி உப்பிட்ட தண்ணீரை அடுப்பில் கொதிக்க வைத்துக்கொண்டு, வெளியே சென்றவர்களை டெலிபோனில் அழைத்து, “பாஸ்தாவைப் போட்டுவிடட்டுமா?” என்று விசாரிப்பாள். வெந்த பாஸ்தா யாருக்காகவும் காத்திராது; நேரம் கடந்தால் குழைந்துபோகும். ஆகையால், பஸ் வந்துவிட்டதா, இன்னும் எத்தனை நிமிஷமாகும், தான் வருவதற்குள் மற்றவர்கள் உட்கார்ந்துவிடலாமா என்பவற்றையெல்லாம் தங்க வந்தவனும் தடுமாறாமல் சொல்லியாக வேண்டும். உப்பே இடாமல் சுடுகிற அப்பிரதேசத்து ரொட்டியைப் பற்றி அவன் வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலோ, பாட்டி முதல் பேரன் வரை ஆளுக்கொரு காரணம் கூறி அதன் பெருமையை நிலைநாட்டாமல் விடமாட்டார்கள். இத்தகைய நிர்ப்பந்தத்தை எந்த வகுப்பறையாலும் உண்டாக்க முடியாது.

இத்தாலியருக்கே இந்த மார்க்கம் புதிதன்று. 1861-இல் தேசம் ஒன்றுபட்டபோது இத்தாலியத்தை நன்கு அறிந்திருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்பது அறிஞர்களின் மதிப்பீடு. மற்றவர்கள் தத்தம் பிரதேசப் பேச்சையே பேசினர். மிலான் நகரத்தவரான மன்ஸோனி, 1827-இல் தமது நாவலை வெளியிட்டபின் ஃப்ளாரென்ஸுக்குக் குடும்பத்தோடு சென்று, அவ்வூராரின் வாய்மொழியைச் செவியாரக் கேட்டு, 1840 முதல் 1842 வரை வெளிவந்த பதிப்பில் அந்நூலின் நடையையே மாற்றி அமைத்தார்.

என் ஆதங்கமெல்லாம் ஆங்கிலத்தைப் பற்றியதே. இத்தாலியில் குழந்தைகள் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிக்கிறார்கள். விருந்தாளி ஒரு வினைமுற்றைத் தேடி அரை நிமிஷம் தயங்கினால், எதிரே இருக்கும் பையன் அன்பு மேலிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறான். நம்மவர்களுக்கும் அது கைவந்த பாஷையாதலால், அப்பாடா என்று பற்றிக்கொள்கிறார்கள். அன்று முதல் அந்த மேஜையில் இத்தாலியம் இவர்களை விட்டுவிட்டே நடக்கிறது. கையிலுள்ள டெலிபோன் மொழிபெயர்த்துக் கொடுப்பதோ இதனினும் பெரிய அபாயம். ஏனென்றால், அது தயங்கவும் இடங்கொடுப்பதில்லை; அந்தத் தயக்கத்திலேயோ பாஷை பிறக்கிறது. கஸ்திலியோனே என்னும் ஊரிலிருந்து 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்கு வந்த வீரமாமுனிவர் நம் கிராமங்களில் இத்தாலியத்தில் பதில் சொல்வாரின்றி வாழ்ந்தமையாலன்றோ தமிழில் காவியமே செய்யும் நிலைக்கு உயர்ந்தார்! ஆரம்பத்தில் சிறிது ஆங்கிலம் இருந்தால் பயம் தெளியும் என்று சொல்வோரும் உண்டு. முதல் இரண்டொரு நாளைக்கு அது பொருந்தலாம்.

ஆகவே, இவ்வாறு புறப்பட எண்ணும் அன்பர்கள், அறையின் விஸ்தீரணத்தையும் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சியையும் விசாரிப்பதற்கு முன், அவ்வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், இரவில் எல்லோரும் கூடி உண்கிறார்களா, ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவரேனும் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். அறை மட்டும் தரும் ஏற்பாட்டுக்குக் கட்டணம் குறைவுதான். இருந்தாலும் காலை உணவும் இராச் சாப்பாடும் சேர்ந்த ஏற்பாட்டையே கேட்டு வாங்குங்கள். அந்த இரண்டொரு நாளுக்குப் பின் ஆங்கிலத்தில் பேச வேண்டாம் என்று முதல் நாளே வீட்டாரிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.